முதலில் பெயின்ட் அடித்தவனின் கணக்கு நோட்டு

2022 ஆடி மாதம், திங்களூர் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில்தான் அந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை முதலில் பார்த்தேன். கட்டுத்தரை ஓரம், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. தார்ப்பாயைத் தூக்கினால் சீட்டின் மேல் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. 1991 மாடல். டேங்க் முன்னொரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று சொல்ல முடியாத அளவுக்குத் துரு. தோட்டத்துக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கோழியை நோகாமல் நகர்த்தி வைத்துவிட்டு, "கார்பரேட்டரக் கழுவி ஊத்துனீங்கன்னா ஒரே உதைல எந்திரிச்சுக்குமுங்க தம்பி" என்றார். பழைய வண்டி விற்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. 42,000 ரூபாய்க்குப் பேசி முடித்து, ஒரு குட்டி யானையில் ஏற்றிப் பெருந்துறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆடியில் வண்டி எடுக்காதே என்று அம்மா சொன்னதற்கு, இது புது வண்டி இல்லையே என்று வாதாடி ஜெயித்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 4. அதற்குள் வண்டியைக் கட்டி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்க வேண்டும் என்பது திட்டம். செலவு 30,000 தாண்டக் கூடாது. கடைசியில் வண்டி ரோட்டுக்கு வந்தது அடுத்த வருட ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு. வாங்கிய விலையோடு சேர்த்து மொத்தம் 1,25,500 ரூபாய் ஆகியிருந்தது. ஒரு ஐம்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். அதில் 16,000 ரூபாய்க்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். அது வண்டிக்கு ஆன செலவில்லை, என் அவசரத்துக்குக் கட்டிய தண்டம். வேலையைத் தலைகீழாகச் செய்ததால் வந்தது. முதலில் பேப்பர், அப்புறம் இன்ஜின், அப்புறம் மற்றதெல்லாம், கடைசியில் பெயின்ட் என்று போயிருக்க வேண்டும். நான் பெயின்ட்டில் ஆரம்பித்துப் பேப்பரில் முடித்தேன்.

கழற்றுவதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் கிடையாது. போர்டிகோவில் பழைய ஃபிளெக்ஸை விரித்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பாதி வண்டி டப்பாவுக்குள் போய்விடும். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இத்தனையும் எங்கெங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சிருக்கறீங்களா?" என்று கேட்டாள். வைத்திருக்கிறேன் என்றேன். பொய். எட்டு மாதம் கழித்து ஒரு தேங்காய் எண்ணெய் டப்பா நிறைய போல்ட்டை வைத்துக்கொண்டு முழித்தபோதுதான் அந்தக் கேள்வியின் அருமை தெரிந்தது. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். போல்ட்டையெல்லாம் அந்தந்தப் பாகத்தின் பெயர் எழுதிய தனித்தனி ஜிப் கவரில் போட வேண்டும். கவர் செலவு 120 ரூபாய்தான்.

இன்ஜின் மூடிகளில் இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பான் வண்டிகளின் ஸ்க்ரூவில் அந்தப் பள்ளத்தின் வாட்டம் கொஞ்சம் வேறு. நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது. பலம் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தலையை வட்டமாக மழித்துவிடும். நான் ஏழு ஸ்க்ரூவை அப்படி மொட்டையடித்து, ஒவ்வொன்றையும் உளி வைத்துத் தட்டி எடுத்தேன். சுத்தியலால் தலையில் அடித்தால் தானே திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது, அதை முதலில் வாங்கிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது ஆலன் போல்ட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை அதோடு முடிந்தது. அதே போல இன்ஜினோடு சுற்றி வண்டிக்கு மின்சாரம் தருகிற மேக்னெட்டைக் கழற்ற அதற்கென்று ஒரு புல்லர் இருக்கிறது, விலை 300 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் சுத்தியலை எடுத்தேன். மேக்னெட் வரவில்லை, பிஸ்டன் சுற்றிவிடுகிற கிராங்க் தண்டின் முனையிலிருந்த மரைதான் பூப்போல விரிந்துகொண்டது. அந்தப் பக்கக் கிராங்க்குக்குப் பழைய பாதி ஒன்று தேடிப் போட 2,300. நோட்டில் முதல் சிவப்புக் கோடு அதுதான்.

பிஸ்டன் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் சின்னக் கம்பி லாக் இருக்கிறதே, அதை நோண்டும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கையில் இல்லை, தரையில் இல்லை. கிராங்க் அறைக்குள் விழுந்திருந்தது. அது உள்ளே கிடக்க இன்ஜினைச் சுற்றினால் அவ்வளவுதான். இன்ஜினைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினேன், வரவில்லை. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் கம்பியை ஒட்டி உள்ளே விட்டேன். ராத்திரி பதினொன்றரை மணிக்கு அப்பா தூக்கம் கலைந்து வந்து டார்ச் அடித்துப் பிடித்தார். கம்பி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தபோது ரெண்டு பேரும் பேசவில்லை. லாக்கைத் தொடும் முன் ஒரு பழைய துணியைச் சுருட்டிக் கிராங்க் வாயில் அடைத்திருந்தால் இதெல்லாம் தேவையே இல்லை.

சரி, பெயின்ட் கதைக்கு வருகிறேன். இன்ஜினை அப்படியே மூலையில் வைத்துவிட்டு, ஆளுக்குக் காட்ட எதாவது வேண்டுமே என்கிற ஆசையில் சேஸிஸைப் பவுடர் கோட்டிங்குக்கும் டேங்க்கைப் பெயின்ட்டருக்கும் கொடுத்துவிட்டேன். 9,500 ரூபாய். கறுப்பு சேஸிஸ் திரும்பி வந்த அன்று அதைச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அழகுதான். பூட்ட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இன்ஜின் போல்ட் போகும் ஓட்டைகளிலெல்லாம் பவுடர் புகுந்து கெட்டியாகிவிட்டது. மரைகளை, மரை வெட்டும் கருவியை விட்டுத் திரும்ப வெட்ட வேண்டியதாயிற்று. ஸ்டியரிங் கோன் உட்காரும் இடத்தில் கோட்டிங் ஏறியதால் கப் உள்ளே போகவில்லை, உப்புத்தாளால் ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் எல்லா மரையிலும் பழைய போல்ட்டைத் திருகிவிட வேண்டும், பேரிங்கும் கோனும் உட்காரும் இடங்களைச் சூடு தாங்கும் டேப்பால் மூட வேண்டும். அதை அவர்கள் செய்வார்கள் என்று நினைப்பது நம் தப்பு.

டேங்க் இதைவிட மோசம். வெளியே மெட்டாலிக் சிவப்பு, மேலே பளபளப்புக்கு லாக்கர் பூச்சு, தங்கக் கோடு. உள்ளே அதே பழைய துரு. பெட்ரோல் ஊற்றினால் டீத்தண்ணீராக வந்தது. துரு கரைக்கும் ஆசிட்டை வாங்கி ஊற்றி மூடியைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அது நுரைத்துக்கொண்டு வாய் வழியாக வழிந்து, புது பெயின்ட்டின் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. ஈரத் துணியோடு ஓடினேன், அதற்குள் லாக்கர் சுருங்கிப் பால் ஆடை மாதிரி ஆகிவிட்டது. துரு போனதும் அடியில் மூன்று ஊசி ஓட்டை. இத்தனை வருடம் அந்தத் துருதான் பெட்ரோலைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. ஓட்டையை அடைத்து, மறுபடி பெயின்ட் அடிக்க 3,200. ரெண்டாவது கோடு. டேங்க்கின் உள்பக்கம் சுத்தமாகி, தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் வெளியே ஒரு துளி பெயின்ட் பட வேண்டும்.

இன்ஜினுக்கு வந்தபோது ஆறு மாதம் ஓடியிருந்தது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. நம் ஊர்ப் பக்கம் பிறந்ததில் ஒரு வசதி, எதைக் கொண்டுபோனாலும் கடைந்து கொடுக்க யாராவது இருப்பார்கள். அந்த அண்ணன் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டே சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "பிஸ்டன் எங்கீங்க?" என்றார். போர் போட்டு, அதாவது சிலிண்டரின் உள்பக்கத்தைக் கடைந்து கொடுங்கள், பிஸ்டனை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "காலை அளக்காம செருப்புத் தைக்கச் சொல்றீங்களே" என்று சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். புது பிஸ்டனைக் கையில் கொடுத்தால் அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் போர் போடுவார்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நாலு பங்கு அளவுக்குத்தான். பெட்டியில் 0.25, அதாவது கால் மில்லிமீட்டர் பெரியது என்று போட்டிருக்கிற எல்லா பிஸ்டனும் ஒரே அளவில் இருக்காது. இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதன் சிலிண்டர் சுவரில் காற்றும் புகையும் போய்வர ஜன்னல் ஜன்னலாக ஓட்டை இருப்பதால் போர் போட்டபின் அந்த விளிம்புகளை லேசாக மழிக்கவும் வேண்டும், இல்லையென்றால் ரிங் அதில் மாட்டி உடையும். கிராங்க்கில் புது கனெக்டிங் ராடு, பேரிங், ரெண்டு பக்க ஆயில் சீல், கேஸ்கெட், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து 14,600. சீலில் சிக்கனம் பார்க்காதீர்கள். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் காற்றை இழுத்து இன்ஜின் சூடேறும், கிளச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை தள்ளும்.

முதல் முறை ஸ்டார்ட் ஆன நிமிடத்தை நான் விவரிக்கப் போவதில்லை. தெரு முழுக்கப் புகை, எனக்குக் கண்ணில் தண்ணீர், அது புகையால் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் விடிகாலை, பேப்பர் ஒன்றும் சரியாகாத வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் கொச்சி சாலையில் விஜயமங்கலம் பக்கம் போனேன். இது முதல் தப்பு. ஐம்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். டோல்கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இன்ஜின் சத்தம் திடீரென்று கம்மியது, தொண்டை கட்டியவன் பேசுகிற மாதிரி. என்ன என்று யோசிப்பதற்குள் பின்சக்கரம் இறுகி, வண்டி கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. கிளச்சைப் பிடிக்கத் தோன்றியது எந்தக் குலதெய்வம் செய்த புண்ணியமோ. பின்னால் லாரி எதுவும் இல்லை.

காரணம் வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தது. இந்த வண்டியில் பிஸ்டனை வழவழப்பாக வைக்கிற டூ டி ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். நான் பம்பைக் கழற்றி மாட்டியதில் குழாயில் காற்று அடைத்திருந்தது. ஆயில் டேங்க் நிறைய ஆயில் இருக்கிறது, இன்ஜினுக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. பம்பில் காற்றை வெளியேற்ற ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு, அதைத் தளர்த்திக் குமிழி நிற்கும் வரை ஆயிலை ஒழுக விட்டு மூட வேண்டும். அதோடு நம்பிவிடாமல், முதல் ரெண்டு மூன்று லிட்டர் பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயிலை நேராகவே கலந்துவிட வேண்டும். ஆயில் டேங்க்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஓட்ட ஓட்ட மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புதுப் போரில் ஓட்டும்போது ரெண்டு விரல் எப்போதும் கிளச் மேல் இருக்கட்டும். மறுபடி கணபதி. அண்ணன் சிலிண்டரில் இருந்த கீறலைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். 0.25 போய் 0.50 பிஸ்டன், போர், கேஸ்கெட், 5,400. மூன்றாவது கோடு, எல்லாவற்றிலும் பெரியது.

உதிரிப் பாகம் தேடுவதைப் பற்றிக் கொஞ்சம். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி இது. ஆர்எக்ஸ் 100 என்று சொன்ன உடனே கடைக்காரர் முகம் மாறும், விலையும் மாறும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாலு சனிக்கிழமை அலைந்ததில் நான் கற்றுக்கொண்டது, என்ன வண்டிக்கு என்று சொல்லாமல் பழைய பாகத்தைக் கையில் கொடுத்து 'இது மாதிரி' என்று கேட்பது. 1,100 ரூபாய்க்குப் புது கார்பரேட்டர் ஒன்று, பெட்டியில் நல்ல பெயர் அச்சடித்தது, வாங்கிப் போட்டேன். எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஐடிலிங் நிலைக்கவில்லை, ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜின் அணைந்துவிடும். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, பழைய ஒரிஜினல் மிகுனி ஒன்றை 4,200 கொடுத்து வாங்கிச் சுத்தம் செய்து போட்டேன், பத்து நிமிடத்தில் சரியானது.

அழகுபடுத்துகிற பைத்தியமும் எனக்கு இருந்தது. பின்பக்க சேஸிஸை அறுத்து, ஒற்றை சீட் வைத்து, கஃபே ரேசர் ஆக்க வேண்டும் என்று படமெல்லாம் வரைந்து வைத்திருந்தேன். வெல்டிங் பட்டறைக்காரர்தான் தடுத்தார். "அறுக்கறது அஞ்சு நிமிசமுங்க. எஃப்சிக்குப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் என்ன சொல்லுவாருன்னு கேட்டுட்டு வாங்க." விசாரித்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்சியில் இருக்கிற விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தில், உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, ரெண்டுமோ உண்டு. அறுக்கவில்லை. ஆனால் புத்தி முழுசாக வரவில்லை, 6,500 கொடுத்து ஒரு வயிறு பெருத்த சைலன்சர் செய்து மாட்டினேன். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் இன்ஜினின் பாதி மாதிரி. அளவு தவறினால் கீழ் ஸ்பீடில் இழுவையே இருக்காது. சென்னிமலை மலைப்பாதையில் ரெண்டாவது கியரில் திணறியது, தெருவில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அழுதது. 2,500-க்கு விற்றுவிட்டு ஒரிஜினல் சைலன்சரையே கரி எடுத்து மாட்டினேன். 4,000 நஷ்டம். கார்பரேட்டர் 1,100-ஐயும் சேர்த்தால் 16,000 கணக்கு சரியாகிவிடும். இப்போது வண்டியில் என் கைவரிசை என்று இருப்பது தட்டையான ஹேண்டில்பார், தைத்த சீட், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிற பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டுப் போட்ட சிடிஐ என்கிற எலெக்ட்ரானிக் பெட்டி. ஹேண்டிலையும் சீட்டையும் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பழையபடி மாற்றிவிடலாம்.

கடைசியில் பேப்பர். அட்டை போட்ட பழைய ஆர்சி புத்தகம் கையில் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். ஒரு வருடம் கழித்து அதை நிதானமாகத் திறந்து பார்த்தால் பெயர் விற்றவருடையது இல்லை, அவருடைய அண்ணனுடையது. அண்ணன் இறந்து பத்து வருடம் ஆகிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31, அங்கிருந்து என் பெயருக்கு 29, 30. அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளைக் காங்கேயத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு போய், பெரியவர் ஓட்டின வண்டியைப் பற்றி அந்த அம்மா சொன்ன கதையெல்லாம் கேட்டு, சாப்பிட்டு, கையெழுத்து வாங்கி வந்தேன். நல்ல மனிதர்கள், இல்லையென்றால் வண்டி போர்டிகோவிலேயே பொம்மையாக நின்றிருக்கும். பழைய புத்தகம் என்பதால் விவரம் கம்ப்யூட்டரிலும் இல்லை, அதை ஏற்றுவதற்கு ஒரு மனு. இன்ஜின் நம்பரை ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் அப்போதுதான். ஆர்எக்ஸ் 100 சேஸிஸில் ஆர்எக்ஸ் 135 இன்ஜின் உட்கார்ந்திருப்பது ஊர் அறிந்த விஷயம். துணியில் பெட்ரோல் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தபோது வயிற்றில் புளி கரைத்தது. என் அதிர்ஷ்டம், பொருந்தியது. விலை பேசும் முன், கோழியை நகர்த்திய அன்றே செய்திருக்க வேண்டிய வேலை.

எஃப்சிக்குப் போன அன்று இன்ஸ்பெக்டர் ஸ்டியரிங் கழுத்தில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். ஒன்றும் விழவில்லை. பவுடர் கோட்டிங் நம்பரின் பள்ளத்தையெல்லாம் ரொப்பி வழவழவென்று ஆக்கியிருந்தது. "நம்பரே இல்லாத வண்டியாங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்து, பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு, பல் குத்தும் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளறி எடுத்தேன். கம்பி பிரஷ்ஷோ உப்புத்தாளோ அந்த இடத்தில் படக் கூடாது, நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்துவிடும். அடுத்த வாரம் பிரின்ட் விழுந்தது. நான் போனபோது ஐந்து வருடப் புதுப்பிப்புக்குக் கட்டணம் 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். அதோடு பசுமை வரி, புகைச் சான்று, மூன்றாம் நபர் காப்பீடு. காப்பீட்டுக்கு அப்போது அடிப்படைப் பிரீமியம் 714. வாரிசு அலைச்சல், ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்த்துப் பேப்பருக்கு மட்டும் 13,500.

ஆயுத பூஜைக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. மறுநாள் விடிகாலை வண்டியைக் காணோம். அப்பா சொல்லாமல் எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போயிருந்தார். இருபது நிமிடம் கழித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து வாசலில் நிறுத்தினார்.

"இதுக்காடா கண்ணு ஒன்னேகால் லட்சம்? பிரேக்கு எங்கடா?"

முன்சக்கரத்துக்குப் புது ரிம், புது ஸ்போக், புது பிரேக் ஷூ எல்லாம் போட்டிருந்தேன். ஸ்போக்கை இறுக்கும்போது ஹப்பின் டிரம் துளி வட்டம் மாறும், ஸ்போக் கட்டிய பிறகு டிரம்மை லேத்தில் ஒரு தடவை கடைந்தால்தான் ஷூ முழுசாகப் படும் என்பது தெரியாது. கணபதி அண்ணனுக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டு, சக்கரத்தை அப்படியே கொண்டுவரச் சொன்னார், 600 ரூபாய் ஆகுமாம். நோட்டில் ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன்.